கம்பெனி மைக்

அண்ணனின் வலது கை சட்டைக்குள் போக மறுத்தது. இடது கையை எப்படியோ நுழைத்தாகிவிட்டது. வலது கை மட்டும், முன்னால் இருக்கிற எதையோ எட்டி எடுக்கப் போகிற மாதிரி நீண்டு, அப்படியே விறைத்துப்போயிருந்தது. தம்பி மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்திப் பார்த்தான். அசையவில்லை.

"விடு வயரு. ஒடச்சு கிடச்சு வெச்சிடாத," என்றார் தையல்காரர். ஊரில் தம்பிக்கு வயரு என்றுதான் பெயர்.

அவர் அண்ணியின் கூடப்பிறந்தவர். அந்த வெளிர்நீலச் சட்டையைத் தைத்தவரும் அவர்தான். பையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தார். சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டு, காலரில் தொடங்கி முதுகின் நடுவே ஒரே ஓட்டமாக வெட்டினார். பிறகு இரண்டு பாதிகளையும் முன்பக்கமாகக் கைகளில் மாட்டி, வெட்டிய ஓரங்களை முதுகுக்கு அடியில் செருகினார். முன்னால் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

"'தோள்ல பிடிக்குது மச்சான், கொஞ்சம் தளர்த்திக் குடு'ன்னு போன மாசம் கடையில வந்து நின்னான். இப்பத் தளர்த்தியாச்சு," என்றார். சிரிக்கச் சொன்னதுதான். சொல்லி முடித்ததும், கத்தரிக்கோலை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டினார். நேற்றுப் பகலில், ஒரு கிடங்கின் முற்றத்தில் சரக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது, இருக்கைக்குப் பின்னால் இருக்கும் படுக்கைப் பலகையிலேயே போய்விட்டார். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வெளியூரில் படிக்கும் மகள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். நாலு மணிக்குள் வந்துவிடுவாள். வந்ததும் எடுத்துவிடலாம் என்று பேச்சு.

"தம்பி, கொஞ்சம் உள்ள வாங்க."

அண்ணி சமையலறை வாசலில் நின்றாள். அழுத முகமாக இல்லை. இரண்டு நாளாகத் தூங்காத முகமாக இருந்தது. அவன் உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள். அண்ணனின் கைபேசியை அவனிடம் நீட்டினாள். ஆஸ்பத்திரியில் ஒரு காகித உறைக்குள் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"நேத்து பதினொண்ணு ஏழுக்கு. பாருங்க. நான்தான் கூப்பிட்டது."

பார்த்தான். வந்த அழைப்பு. ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு நொடி.

"அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா நாங்க பேசிக்கல. நெஞ்சு அடைக்குதுன்னு அவரேதான் சொன்னாரு. டாக்டர்கிட்டப் போங்கன்னேன். இந்த லோடு முடியட்டும்னாரு. போன லோடுக்கும் அதையேதான சொன்னீங்கன்னு கத்திட்டு, சாப்பாட்டுத் தட்ட டொம்முனு வெச்சேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அவருக்குக் கோவம் வந்தா வாயத் தைச்ச மாதிரி இருப்பாரே, உங்களுக்குத் தெரியாததா?"

அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரு கிரிக்கெட் மட்டைக்காகப் பதினேழு நாள் அவனோடு பேசாமல் இருந்தவர்.

"சரி, நாமளே எறங்கிப் போவோம்னு கூப்பிட்டேன். எடுத்தாரு. எப்பவும் ரெண்டு செகண்ட் கழிச்சுத்தான் குரல் வரும். காத்திருந்தேன். வரல. என்னங்க, என்னங்கன்னு எத்தன தடவ கூப்பிட்டேன். ஒண்ணும் இல்ல. லைன்ல இருக்காரு, ஆனா பேச மாட்டேங்கறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம்..." அவள் நிறுத்தினாள். அடுப்பு மேடையின் ஓரத்தை விரலால் தேய்த்தாள். "'இவ்வளவு திமிரா? அப்படியே கெட. இனி நானும் கூப்பிட மாட்டேன்'னுட்டு வெச்சுட்டேன்."

முன்னறையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"அது அவர் காதுல விழுந்துச்சா தம்பி? லாரியில ஃபோன் பேசற அந்த ஸ்டீரியோ செட்ட மாட்டினது நீங்க. உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு அது மட்டும் தெரியணும்."

அவன் கைபேசியைத் திரும்பக் கொடுத்தான். "லாரிய ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன் அண்ணி. பாக்காமச் சொல்ல முடியாது," என்றான். முதலாளியின் ஆள் காலையிலேயே சொல்லியிருந்தார்: சரக்கு நிற்கக் கூடாது, இரண்டு மணிக்கு வேறு டிரைவர் வந்து எடுத்துப் போவார், அதற்குள் அண்ணனின் துணிமணியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினான்.

கிடங்குக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் அவன் ஒரே ஒரு வயரைப் பற்றித்தான் நினைத்தான்.

அவனுக்கு வயரு என்று பெயர் வைத்தது அண்ணன்தான். ஆளும் வயர் மாதிரி, தொழிலும் வயரோடு. வண்டிகளுக்கு ஸ்டீரியோ மாட்டும் கடை. லாரியோடு வந்த பழைய செட்டு செத்துப்போனதும் அண்ணன் வண்டியைக் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். புதுச் செட்டோடு சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மைக் நீள வயரில் வந்தது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

"எல்லாரும் பண்றத நான் பண்ணணும்னா நீ ஏன் எங்கிட்ட வர்ற?" என்றான் அவன். லாரியின் கூரையில், கண்ணாடிக்கு மேலே, மெல்லிய கீற்றுகளுக்குப் பின்னால் லாரி கம்பெனிக்காரனே வைத்த மைக் இருந்தது. நல்ல மைக். இன்ஜின் சத்தத்தை ஒதுக்கிவிட்டு ஆள் குரலை மட்டும் எடுக்கும். அதை விட்டுவிட்டு மூஞ்சிக்கு முன்னால் வயர் தொங்கவிடுவதா?

"டேய், எதையாவது ஒட்டிட்டு விடுடா. லோடு நிக்குது," என்றார் அண்ணன்.

அவன் விடவில்லை. கம்பெனி மைக்குக்குத் தனியாகக் கொஞ்சம் கரண்ட் வேண்டும். பழைய செட்டு அதைக் கொடுத்தது. புதுச் செட்டு கொடுக்காது. அதற்காகத் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு குட்டிச் சர்க்யூட்டைத் தானே பற்றவைத்து, டேப் சுற்றி, டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். சாவியைத் திருப்பினால் உயிர் வரும் வயரிலிருந்து அதற்குக் கரண்ட் எடுத்தான். செட்டும் அப்போது அதே வயரில்தான் இருந்தது. இரண்டும் ஒன்றாக எழுந்தன, ஒன்றாகத் தூங்கின. அண்ணன் தெருமுனை வரை வண்டியை ஓட்டிக்கொண்டே பேசிக் காட்டினார். கண்ணாடி மாதிரிக் கேட்டது. வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் ஒரு மாதம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வாரம் அண்ணன் மறுபடி வந்தார். "நின்னுட்டு இருக்கும்போது சாவி இல்லாமப் பாட்டுக் கேக்கற மாதிரி பண்ணிக் குடுடா. மணிக்கணக்கா மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்." இன்ஜினைக்கூட அணைக்கவில்லை, லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது, பின்னால் ஹாரன். அவன் செட்டின் வயரைச் சாவி லைனிலிருந்து பிடுங்கி பேட்டரி லைனில் போட்டான். கையோடு, அழைப்பு வந்தால் செட்டு தானே எடுத்துக்கொள்ளும்படியும் வைத்துவிட்டான், ஓட்டும்போது பொத்தானைத் தேட வேண்டாம் என்று. பத்து நிமிஷ வேலை.

மைக்கின் வயரை அவன் மாற்றவில்லை. அது நினைவுக்கே வரவில்லை. இன்று சமையலறையில் அண்ணி கேட்ட பிறகுதான் வந்தது.

கிடங்கு வாசலில் கேட்டுக்காரர் அவனைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அறுபது வயது இருக்கும். "தம்பியா நீ? அதே மூக்கு," என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பலகையில் வரிசையாக ஆணி அடித்து, லாரிச் சாவிகள் தொங்கின.

"சாவியெல்லாம் இங்கதான் இருக்குமா?"

"பின்ன? உள்ள ஃபோர்க்லிஃப்ட் ஏறி எறங்கிட்டு இருக்கும்போது எவனாவது மறந்து வண்டிய நகத்திட்டா ஆளு செத்துடுவான். அதனால லோடு முடியற வரைக்கும் சாவி எங்கிட்ட. இங்க அதுதான் ரூல்." சொன்ன பிறகு, 'செத்துடுவான்' என்ற வார்த்தையின் மேல் கால் வைத்துவிட்டவர் போல ஒரு கணம் நின்றார். பிறகு ஓர் ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார். "நேத்து லோடு முடிஞ்சு இதக் குடுக்கத்தான் போனேன். பதினொண்ணே முக்கால் இருக்கும். கதவத் தட்டினேன், தெறக்கல. ஏறிப் பாத்தா பின்னாடி பலகையில கெடக்காரு. ஒரு கால் கீழ தொங்குது. கை முன்னாடி நீட்டினபடி. ஃபோனு டாஷ்போர்டுல சார்ஜ் ஏறிட்டு இருக்கு, பாட்டு ஓடிட்டு இருக்கு. ஒரு ஹாரன் அடிச்சிருந்தாக்கூட ஓடி வந்திருப்போம். ஆஸ்பத்திரி அடுத்த தெருவுலதான்."

அவன் சாவியைப் பார்த்தான். "அண்ணே, சாவி உங்ககிட்ட இருக்கும்போது அவருக்கு ஃபோன் வந்தா என்ன பண்ணுவாரு?"

"எந்திரிச்சுப் போயி ஃபோனக் கையில எடுத்து, செட்டுலருந்து ஃபோனுக்கு மாத்திட்டுப் பேசுவாரு. ஒருநாள் கேட்டேன், அவ்வளவு பெரிய செட்டு இருக்கே, அதுல பேசக் கூடாதான்னு. 'அது சாவி இருந்தாத்தான் வாயத் தெறக்கும்'னாரு. தம்பி கடைதான, சொல்லிச் சரி பண்ணிக்க வேண்டியதுதானன்னேன். சிரிச்சாரு. 'சொன்னா அவன் ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டான். ஊரெல்லாம் பெருமையடிச்சிட்டு இருக்கான். இருந்துட்டுப் போகட்டும்'னாரு."

அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்குத்தான் தெரியவில்லை.

லாரியில் ஏறினான். உள்ளே அண்ணனின் தைல வாசனை. பலகையில் போர்வை பாதி சரிந்து கிடந்தது. பலகையில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தான். டாஷ்போர்டு இரண்டு சாண் தள்ளியே இருந்தது. சாவியைப் போடாமல் செட்டைத் தட்டினான். விளக்கு எரிந்தது. தன் கைபேசியை அதோடு இணைத்துவிட்டு, கேட்டுக்காரரைத் தன் எண்ணுக்குக் கூப்பிடச் சொன்னான்.

அழைப்பு வந்தது. செட்டு தானே எடுத்துக்கொண்டது.

"ஹலோ," என்றது கேட்டுக்காரரின் குரல், கேபின் முழுக்க, நான்கு ஸ்பீக்கரிலும்.

"அண்ணே, கேக்குதா?"

"ஹலோ? தம்பி, பேசு."

"அண்ணே! கேக்குதா!"

"ஹலோ... ஹலோ..."

கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான். இருபதடி தள்ளி, காதில் ஃபோனோடு நின்றுகொண்டிருந்தார். அவன் வாயைப் பார்த்தார். ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார். "வாய் அசையுது, ஒண்ணும் வரலியே தம்பி," என்றார் நான்கு ஸ்பீக்கரிலும். அவன் கத்தினான். என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

சாவியை நுழைத்து ஒரு படி திருப்பினான்.

"அட, இப்ப வருது. மூச்சு வாங்கறது வரைக்கும் கேக்குது. ஏன் தம்பி இப்படி மூச்சு வாங்குது?"

அவன் கதவைத் திறந்து கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். அவன் வயதுதான். எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தபடி, துடைத்த கையையே மறுபடி துடைத்தபடி, கொஞ்ச நேரம் நின்றார்.

"நான் யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டச் சொல்லிடறேன். நேத்து நான் இந்தப் பக்கமாத்தான் போனேன். உள்ள ஒரு பொம்பளக் குரல் சத்தமாக் கேட்டுச்சு, ஸ்பீக்கர்ல. அண்ணன் குரலும் கேட்டுச்சு. 'இருடி... இருடி'ன்னாரு. ரெண்டு தடவ. அப்புறம் என்னவோ சொன்னாரு, புரியல. புருஷன் பொண்டாட்டிச் சண்டை, நாம நின்னு கேக்கறது மரியாதையில்லன்னு போயிட்டேன்." அவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தார். "ஒரு எட்டு எட்டிப் பாத்திருக்கலாம்."

"நீங்க என்ன பண்ணுவீங்க," என்றான் அவன். தன் குரல் சரியாகத்தான் வருகிறது என்பது விநோதமாக இருந்தது.

ஃபோர்க்லிஃப்ட் மறுபடி உறுமும் சத்தம் கேட்டதும் உள்ளே திரும்பினான். டாஷ்போர்டின் தட்டைக் கழற்றினான். அவன் சுற்றிய டேப் அப்படியே பளபளப்பாக இருந்தது. மைக்கின் வயரைச் சாவி லைனிலிருந்து வெட்டி, பேட்டரி லைனில் முறுக்கி, டேப் போட்டான். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி கூப்பிடச் சொன்னான்.

"இப்ப சாவி இல்லாமலே கேக்குதே," என்றார் கேட்டுக்காரர். "பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு. நல்லா பண்ணிட்டப்பா."

திரும்பும் பஸ்ஸில், மடியில் அண்ணனின் துணிப்பையை வைத்துக்கொண்டு, ஒரு பொய்யைச் செய்தான். நன்றாக வந்த பொய். எந்த மெக்கானிக்கும் தப்புச் சொல்ல முடியாதது. அதில் பாதிக்கு மேல் உண்மைகூட. கையில் ஒரு வயரை வைத்துக்கொண்டிருப்பது போல இரண்டு விரல்களையும் உருட்டிக்கொண்டே வந்தான்.

அண்ணி சமையலறையிலேயே இருந்தாள். தண்ணீர் கொடுத்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கழுவுகிறோம் என்று சொல்லியும் கேட்கவில்லையாம். அவன் உள்ளே போனதும் குழாயை மூடினாள்.

"பாத்துட்டேன் அண்ணி," என்றான். "அந்த செட்டு ஃபோன் வந்தா தானா எடுத்துக்கும். நான்தான் அப்படி வெச்சிருந்தேன். யாரும் தொட வேண்டியதில்ல. அண்ணன் அதுக்கு முன்னாடியே போயிட்டாரு. நீங்க பேசினப்ப வண்டியில ஆளே இல்லாத மாதிரிதான். அவர் காதுல ஒண்ணும் விழல."

சொல்லி முடித்துவிட்டான். அவள் தோள் தாழ்ந்தது. ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப கேக்கல."

"இல்ல அண்ணி."

"சரி." இன்னொரு டம்ளரைக் கவிழ்த்தாள். "அப்ப அவர் எங்கூடப் பேசவே இல்ல. அன்னிக்குக் கோவிச்சுக்கிட்டு வாசப்படி எறங்கினவரு, அப்படியே போயிட்டாரு. இருபத்திரண்டு வருஷம். கடைசியில ஒரு வார்த்தை எனக்குன்னு இல்ல." அவள் அழவில்லை. கணக்கு வாத்தியார் சொன்ன விடையைத் திருப்பிச் சொல்கிற பிள்ளை போல நிதானமாகச் சொன்னாள். "சரி. அதுவும் சரிதான்."

அவன் கதவைப் பார்த்தான். கதவு சாத்தித்தான் இருந்தது. இதோடு போய்விடலாம். வெளியே தையல்காரர் யாரிடமோ ரயில் நேரம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நான் பொய் சொல்லிட்டேன்."

அவள் திரும்பினாள்.

முழுதும் சொன்னான். சாவி கேட்டில் இருந்ததை, சாவி இல்லாவிட்டால் அந்த மைக் செத்த மைக் என்பதை, இரண்டாவது முறை வந்தபோது ஒரு வயரை மாற்றி இன்னொன்றை மறந்ததை, அது அண்ணனுக்குத் தெரிந்தும் அவனிடம் சொல்லாமல் இருந்ததை. நீங்கள் பேசியது எல்லாம் அவருக்குக் கேட்டது என்றான். அவர் பேசியதுதான் உங்களுக்கு வரவில்லை என்றான்.

அவள் கவிழ்த்த டம்ளரை மறுபடி நிமிர்த்தினாள்.

"பேசினாரா?"

"பேசினாரு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவர் கேட்டிருக்காரு."

"என்ன சொன்னாரு?"

"'இருடி'ன்னு. ரெண்டு தடவ. அப்புறம் சொன்னது அவருக்குப் புரியலயாம்."

அவள் உதடு அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தது. பிறகு ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக.

"அந்த வயர மாத்த எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?"

"அஞ்சு நிமிஷம்."

"மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன் அண்ணி."

"யாருக்கு?"

கேட்டுவிட்டு அவள் துணியை மடித்து வைத்தாள்.

அப்போது அடுப்பு மேடையில் அவளுடைய கைபேசி அதிர்ந்தது. மகள். ரயில் ஊருக்குள் நுழைந்திருக்க வேண்டும். அண்ணி அதைக் கையில் எடுத்தாள். இரண்டு முறை அடிக்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எடுத்துக் காதில் வைத்தாள்.

"நான் பேசறது கேக்குதா?" என்றாள்.

"அம்மா, ஸ்டேஷன் வந்துட்டேன்மா..." சமையலறை சின்னது. மகளின் குரல் அவனுக்கும் கேட்டது.

"நான் பேசறது உனக்குக் கேக்குதா?"

"கேக்குதும்மா. நல்லாக் கேக்குது. என்னாச்சு?"

அண்ணி கைபேசியை இரண்டு கையாலும் பிடித்து, காதிலிருந்து எடுத்து, வாயருகே கொண்டுவந்தாள்.

"கேக்குதாம்மா?" என்றாள் மறுபடி, இன்னும் சத்தமாக. முன்னறையில் பேச்சு நின்றது.